உள்ளே இருந்து எழுப்பணும்

காலை இந்தப் பக்கம் வெச்சுக்குங்க்கா. அது அரிசி மூட்டை இல்லை, பேட்டரி. புதுசுதான், ஒண்ணும் ஒழுகாது. ஆனா உதைக்காதீங்க. உதைச்சா நான் கத்திருவேன், அப்பறம் உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

ஈரோட்டில் இருந்து வர்றேன். திருச்செங்கோட்டுக் கடையில் இந்த சைஸ் இல்லைன்னுட்டாங்க. அப்பா காலையிலேயே சேலம் போயாச்சு. அதான் நானே தூக்கிட்டு வர்றேன். கூத்தைப் பாருங்க, டவுன் பஸ்ஸில் எனக்கு ஃப்ரீ, பேட்டரிக்கு டிக்கெட்.

இன்வெர்ட்டருக்கு இல்லீங்க்கா. ஒரு கம்ப்யூட்டருக்கு. எங்க வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிட்டே இருக்கு. அது நிக்கக் கூடாது. நாளைக்கு எங்க பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு, பகல் பூரா கரண்ட் இருக்காதுன்னு பேப்பரில் போட்டுட்டான். நேத்துப் பார்த்தால் பெரிய யூபிஎஸ் பேட்டரி வயிறு உப்பிக் கிடக்கு. கழட்டிப் போட்டாச்சு. இப்போ நடுவில் ஒரு சின்ன யூபிஎஸ் இருக்கு, கரண்ட் போனால் ஒரு டீ குடிக்கிற நேரம் தாங்கும். அவ்வளவுதான் அதுக்கு உசுரு.

இந்த டிரைவர் ஏன் இப்படி உருட்டறாரு? பாலத்தில் எவனோ வண்டி பிரேக்டவுன் ஆகி நிக்கறான் போல. சரி.

ஸ்கூலா? போகலை. ப்ளஸ் டூ பாதியில் நின்னுட்டேன். அடுத்து எல்லாரும் ஏன்னு கேப்பாங்க, அதனால் நானே சொல்லிடறேன். ஃபெயில் இல்லை. லவ் இல்லை. வீட்டில் கஷ்டமும் இல்லை. மெஷினைப் பார்த்துக்க ஆள் வேணும், அதுக்காக நின்னேன். கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பாங்க. நீங்களும் பார்க்கறீங்க. பரவாயில்லை.

மெஷின் எங்க அண்ணனோடது. நவநீதன்னு பேரு. பெங்களூரில் வேலை. லீவுக்கு வந்தவன் பைபாஸில் மழையில், இண்டிகேட்டர் போடாமல் நின்ன லாரிக்குப் பின்னாடி பைக்கைக் கொண்டு போய் விட்டுட்டான். வர்ற ஆடியோட வருஷம் ஆகுது. ஐயோன்னு சொல்லாதீங்க, எல்லாரும் சொல்லியாச்சு. எனக்கு அதைக் கேட்டால் ஒண்ணும் ஆகறதில்லை. அப்பவும் ஆகலை. அழவே மாட்டேங்கிறாளேன்னு சொந்தக்காரங்க பேசினாங்க. அழுகை வந்தால் அழ மாட்டேனா?

அப்பாவுக்கு லாரி புக்கிங் ஆபீஸ். எங்க ஊர் லாரி வடக்கே சரக்கு ஏத்திட்டுப் போகும், இறக்கிட்டுத் திரும்பும்போது காலியா வரும். காலியா வந்தால் டீசல் தண்டம். ரிட்டர்ன் லோடு வேணும். அதுக்கு அண்ணன் ஒரு புரோகிராம் எழுதினான். டிரைவர் எங்கே நிக்கறேன்னு ஒரு நம்பருக்கு மெசேஜ் போட்டால் போதும், பக்கத்தில் எந்த குடோனில் சரக்கு இருக்குன்னு பதில் வரும். மனுஷன் யாரும் வேண்டாம். எல்லாம் அந்த மெஷின் பார்த்துக்கும்.

இப்போ நான் சொல்றதுதான் யாருக்கும் புரியறதில்லை. கேளுங்க, கொட்டாவி விட்டால் நிறுத்திடறேன். நாங்க தொட்டுப் பார்க்கிற கம்ப்யூட்டர் ஒண்ணு. அண்ணன் புரோகிராம் ஓடறது அதில் இல்லை. அதுக்குள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கு, அதில். உள்ளே இருக்கறது நிஜமில்லை. வெளியே எமுலேட்டர்னு ஒரு புரோகிராம் உக்காந்து மதர்போர்டு மாதிரி நடிக்கும், டிஸ்க் மாதிரி நடிக்கும், பிராசஸர் மாதிரி நடிக்கும். உள்ளே இருக்கறது அதை நம்பி ஓடிட்டு இருக்கும். தான் இன்னொண்ணுக்குள்ளே இருக்கோம்னே அதுக்குத் தெரியாது.

அந்த உள் கம்ப்யூட்டர் டிஸ்க்கை அண்ணன் பூட்டி வெச்சிருந்தான். அதை முதலில் கிளப்பும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அப்பறம் உள்ளே நுழைய இன்னொண்ணு கேட்கும். ரெண்டும் அவனுக்குத்தான் தெரியும். வெளி கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு மட்டும் எனக்குத் தெரியும், ஏன்னா அது அவன் என்னைக் கூப்பிடற பேரு. முட்டக்கண்ணி. சிரிக்காதீங்க.

ஆக அண்ணன் போறப்போ அது திறந்து ஓடிட்டு இருந்தது. ஓடறவரைக்கும் திறந்திருக்கும். ஒருவாட்டி நின்னால் முடிஞ்சுது, பூட்டு விழுந்துரும், யாராலும் திறக்க முடியாது. ஓட ஓட அப்படியே ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கலாம்னு நெட்டில் போட்டிருந்தாங்க. எடுத்தேன். அப்பா ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு எழுப்பிப் பார்த்தேன், எழலை. அப்பறம் அந்த வேலைக்கே போகலை.

முதல் ஒரு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. அப்பறம் பாருங்க, டிரைவர் சங்கத்து வாட்ஸப் குரூப்பில் எவரோ அண்ணன் போட்டோவுக்கு மாலை போட்டு, கீழே அந்த நம்பரையும் போட்டு, 'தம்பி நமக்காக விட்டுச் சென்றது'ன்னு எழுதி விட்டுட்டாங்க. அது கர்நாடகா வரைக்கும் போயிருச்சு. உசுரோட இருந்தப்போ இத்தனை பேர் அவனுக்கு மெசேஜ் போட்டதில்லை. செத்ததுக்கப்பறம் குவிஞ்சாங்க.

மெஷின் திணற ஆரம்பிச்சுது. உள்ளே அதுக்கு ரெண்டு பிராசஸர்தான். ரெண்டும் எப்போப் பார்த்தாலும் கொதிச்சுட்டே இருக்கும். பொன்னுரங்கம்னு ஒரு டிரைவர், அப்பாவுக்கு ரொம்பப் பழக்கம், போன் பண்ணுவாரு.

"ஏம் பாப்பா, உங்க மிசினு தூங்கியெந்திரிச்சு பதில் சொல்லுமா? நான் ஹூப்ளி தாண்டி டீ குடிச்சு, குளிச்சு, துணி தொவைச்சுக் காயப்போட்டாச்சு. இப்பச் சொல்லுது ஹூப்ளில மொளகா லோடு இருக்குதுன்னு."

"சரி பண்றேங்ண்ணா."

"பண்ணு. வண்டிய ரிவர்ஸ்லயே ஹூப்ளிக்கு விட முடியாதுல்ல?"

அப்பாவுக்கு வேற யோசனை. "ஆரையாச்சும் வெச்சுப் புதுசா ஒண்ணு எழுதிக்கலாம். இதை நிறுத்திரு"ன்னாரு. நிறுத்தினால் திறக்காதுன்னேன். "தெறக்காட்டிப் போகுது"ன்னாரு. நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிட்டேன். அப்பாவை விடுங்க, அவருக்கு இது லாரி விஷயம் மட்டும்தான். அம்மா விஷயம் அவருக்குத் தெரியாது.

அம்மா விஷயம் என்னன்னா, அந்தப் புரோகிராமில் மூலையில் இன்னொரு சின்ன வேலையும் இருக்கு. அண்ணன் பெங்களூர் போன புதுசில் அம்மாவுக்கு மெசேஜ் போட மறந்துருவான். அம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கும். அதுக்கு அவன் என்ன பண்ணினான், தினம் காலையில் அந்த மெஷினே அம்மாவுக்கு மெசேஜ் போடற மாதிரி செட் பண்ணிட்டான். சாப்டாச்சாம்மா? மாத்திரை போட்டியா? இன்னிக்கு என்ன கொழம்பு? மாத்தி மாத்தி வரும். "அம்மாகிட்டச் சொன்னீன்னா மண்டைய ஒடச்சிருவேன்"னான். நான் சொல்லலை. சொல்ற ஆளும் நான் இல்லை.

அவனை எடுத்துட்டுப் போய் ரெண்டு மூணு நாள்தான் இருக்கும், வீடு பூரா ஆளுங்க, அம்மா போன் டிங்குன்னுச்சு. இன்னிக்கு என்ன கொழம்பு? அம்மா அதையே பார்த்துட்டு இருந்துச்சு. நான் போய் உடைச்சே சொல்லிட்டேன், அம்மா, அது அவன் இல்லை, மெஷின் அனுப்புது, முதலில் இருந்தே மெஷின்தான். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துச்சு. அப்பறம் போனில் 'ரசம் கண்ணு'ன்னு டைப் பண்ணி அனுப்புச்சு. மெஷின்னு தெரிஞ்சேதான். அன்னையிலிருந்து தினம் பதில் போடுது. ஒருநாள் விட்டதில்லை. நான் எதிரில் உக்காந்திருக்கிறப்போதான் போடும். போட்டுட்டு என்னை ஒரு பார்வை பார்க்கும்.

புரியுதுங்களா? அம்மாவுக்கு அது வேணும். அதனால் மெஷின் நிக்கக் கூடாது. எனக்கு ஒண்ணும் இல்லை, நான் அதையெல்லாம் நினைக்கறது கூட இல்லை. அம்மாவுக்காகத்தான் ஸ்கூலையே விட்டேன்.

அப்போ நிறுத்தாமல் வேகம் கூட்டணும். அதுக்கு வழி இருக்கு. ஓடிட்டு இருக்கும்போதே உள்ளே பிராசஸர் சொருகலாம். ஆனா ஒண்ணு, கிளப்பும்போதே 'பின்னாடி இத்தனை வரைக்கும் வரலாம்'னு இடம் விட்டிருக்கணும். விடலைன்னால் அப்பறம் தலைகீழா நின்னாலும் முடியாது. அண்ணன் விட்டிருந்தான். எட்டு வரைக்கும். அவன் சொல்லியிருக்கான் எனக்கு. வீடு கட்டறவங்க மேலே மாடி எடுக்கலைன்னாலும் தூணில் கம்பியை நீட்டி விட்டு வைப்பாங்களே, அது மாதிரின்னான். எங்க வீட்டு மொட்டைமாடியிலும் நீட்டிட்டு நிக்குது. அவன் கல்யாணத்துக்கு மேலே எடுக்கலாம்னு விட்டது. இப்போ துரு. அம்மா அதில் கொடி கட்டித் துணி காயப்போடுது.

ஒரு மத்தியானம் சொருகினேன். எமுலேட்டருக்குக் கட்டளை போட ஒரு கறுப்பு ஸ்கிரீன் இருக்கு, அதில் டைப் பண்ணணும். மூணாவது பிராசஸர், இந்த இடம், போடு. எண்டர் தட்டினேன். ஒண்ணுமே சொல்லலை. அதோட பழக்கம் அது, சரியாப் பண்ணினால் வாயைத் திறக்காது, தப்புப் பண்ணினால்தான் பேசும். எங்க அப்பா மாதிரி. லிஸ்ட் கேட்டேன், மூணுன்னு காட்டுச்சு. பொன்னுரங்கம் அண்ணனுக்குப் போன் போட்டு இப்போ ஒரு மெசேஜ் அனுப்பிப் பாருங்கன்னேன். அதே தூக்கம். சரி, ஒண்ணு பத்தலை போலன்னு இன்னொண்ணு போட்டேன். இன்னொண்ணு. இடம் இருக்கிற வரைக்கும் போட்டேன். எட்டும் ரொம்பியாச்சு. பொன்னுரங்கம் அண்ணனுக்கு மறுபடி போன்.

"பாப்பா, நிசமாலுமே எதாச்சும் பண்ணுனியா? இல்ல, பண்ணுனேன்னு சொல்றியா?"

கோபம் வந்திருக்கணும். வரலை. உக்காந்து வெளியே இருந்து பார்த்தேன். எந்தப் பிராசஸர் எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரியும். பழைய ரெண்டு கொதிக்குது. புதுசு ஆறும் சும்மா கிடக்கு. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

தேடித் தேடிப் படிச்சால் விஷயம் இதுதான். வெளியே இருந்து நான் கொடுக்கலாம். கொடுத்தால் வந்துருச்சுன்னு உள்ளே இருக்கறதுக்குத் தெரியும். ஆனா அதை எழுப்பி வேலைக்கு விடறது உள்ளே இருக்கறவங்க கையில். சில கம்ப்யூட்டர் தானா எழுப்பிக்கும். அண்ணனோடது பழசு, எழுப்பாது. உள்ளே போய் ஒவ்வொண்ணையும் எழுந்திருன்னு சொல்லணும். உள்ளே போக பாஸ்வேர்டு வேணும். அதான் இல்லையே. லாகின்னு எழுதிட்டு ஒரு கோடு மின்னிட்டு இருக்கும். அம்மா பேரைப் போட்டேன். பைக் நம்பரைப் போட்டேன். அவன் கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி பேரு எனக்குத் தெரியும், அதையும் போட்டேன். முட்டக்கண்ணியும் போட்டேன். தப்பு, தப்பு, தப்பு.

இதைத்தான் எல்லாரும் என் மேலே சொல்றாங்க. அரைகுறையாத் தெரிஞ்சுட்டு நோண்டிட்டேன்னு. நோண்டி என்ன கெட்டுப்போச்சு? ஒண்ணும் கெடலை. ஒண்ணும் நடக்கலை. அதுவும் இதுவும் ஒண்ணா?

அந்த வாரம்தான் ஒருநாள் காலையில் ரொம்பத் திணறி அம்மா மெசேஜே போகலை. அம்மா போனை டேபிள் மேலே வெச்சுட்டு வெண்டைக்காய் அரியுது. போனைப் பார்க்கும், என்னைப் பார்க்கும். எனக்குத் தாங்கலை. அந்த நம்பர் சிம் இருக்கிற போன் மெஷினோடதான் சேர்ந்திருக்கு. ரூமுக்குப் போய் நானே டைப் பண்ணினேன். சாப்டாச்சாம்மா? அதே மாதிரி, ஒரு எழுத்து மாறலை. பதில் வந்துச்சு.

'ஆச்சு பாப்பா. நீ மொதல்ல வந்து சாப்புடு.'

அண்ணனுக்கு எப்பவும் கண்ணுன்னுதான் போடும். பாப்பான்னு கூப்பிடறது என்னைத்தான். ஏதோ கை தவறிப் போட்டிருக்கும். வழக்கமான நேரம் தாண்டி வந்ததால் குழம்பியிருக்கும். கொஞ்ச நேரத்தில் தட்டில் தோசையோட ரூமுக்கு வந்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வெச்சுட்டுப் போயிருச்சு. எனக்கு அப்போ பசியே இல்லை. சாப்பிட்டேன்.

அப்பறம் மெஷின் தானா வேகமாயிருச்சு. எப்படிங்கறீங்க? டிரைவருங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. வேற ஏதோ ஒரு ஆப் வந்துருச்சாம், மேப்பெல்லாம் காட்டுதாம். ஒவ்வொருத்தரா அதுக்குப் போயிட்டாங்க. பொன்னுரங்கம் அண்ணன் மட்டும் போன் பண்ணிச் சொன்னாரு, "கோவிச்சுக்காத பாப்பா, வயித்துப் பொழப்பு." நான் எதுக்குக் கோவிச்சுக்கறேன்? அப்பா போனிலேயே அந்த ஆப் இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருக்காரு.

இப்போ அதுக்குள்ளே எட்டு பிராசஸர். ஆறு தூங்குது. ரெண்டும் சும்மாதான் முழிச்சுட்டு உக்காந்திருக்கு. காலையில் ஒரு மெசேஜ். அதோட அன்னைக்கு வேலை முடிஞ்சுது.

அம்மா கேட்டுச்சு, "ஒரு வரி அனுப்பறதுக்கு எதுக்கு பாப்பா இத்தன கரண்டு?" நான் இருக்கட்டும்னேன். சரின்னுச்சு. நான் எது சொன்னாலும் சரின்னுதான் சொல்லும். ஆனா யூனிஃபார்மை மட்டும் வாரா வாரம் துவைச்சுத் தேய்ச்சு மாட்டி வெச்சுரும். போட ஆளில்லாத துணியைத் தேய்க்கிற பைத்தியம் எங்க அம்மாதான். டுடோரியலுக்குப் போன் பண்ணி விசாரிச்சுட்டு, மளிகைக்கடைக்குப் பேசினேன்னு என்கிட்டச் சொல்லுச்சு. அம்மாவுக்குப் பொய் சொல்லவே வராது, உடனே தெரிஞ்சுரும்.

இன்னிக்குக் கிளம்பறப்போ கையைப் பிடிச்சுட்டு, "இந்த பேட்டரியோட சரி. இதுக்கப்பறம் நீ அந்த ரூமுல உக்கோரக் கூடாது. கேட்டியா?"ன்னுச்சு. கேட்டுட்டேன்னேன். கேட்டது வேற, செய்யறது வேற. சின்ன யூபிஎஸ் கத்தினால் எனக்குப் போன் பண்ணு, எதையும் தொடாதேன்னு சொல்லிட்டு வந்தேன். "நான் பாத்துக்கறேன், நீ மெதுவா வா"ன்னுச்சு.

அப்பாடா, நகருது பஸ்.

என்னங்க்கா, கடையெல்லாம் இருட்டா இருக்கு? பேக்கரி வாசலில் ஜெனரேட்டர் ஓடுது பாருங்க. அங்கேயும் ஓடுது. நாளைக்குத்தானே கரண்ட் இல்லைன்னு போட்டிருந்தான்? ஏங்ண்ணா, கண்டக்டர் அண்ணா, எப்ப இருந்து கரண்ட் இல்லை? ஒரு மணி நேரமாவா? பாலத்துக்கு இந்தப் பக்கம் பூராவுமா?

ஒரு நிமிஷம் இருங்க்கா, போன் பண்ணிக்கறேன்.

அம்மா. கரண்ட் இருக்கா? … கத்துதா? … நிஜமா? … சரி. … சரி, சரி. பஸ்ஸில்தான் இருக்கேன். வெச்சிரு.

இருக்குதாம். ஃபேன் ஓடுதாம். எங்களுக்கும் இவங்களுக்கும் ஒரே சப்ஸ்டேஷன்தான். ஆனா இருக்குதாம். ஃபேன் ஓடுதுங்குது, எங்க ஹால் ஃபேன் லொடலொடன்னு அடிக்கும், போனில் பேசினால் பாதி வார்த்தை கேட்காது. இப்போ ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்டுச்சு. பக்கத்து வீட்டுக் கோழி கத்தறது கூடக் கேட்டுச்சு.

டவர் நல்லா இருக்கும் போல.

இல்லீங்க்கா, தண்ணி வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன். மறுபடியும் போன் பண்ணலை. பண்ணிக் கேட்டால் மறுபடியும் இருக்குன்னுதான் சொல்லும்.

இருங்க, மெசேஜ். அம்மாதான். அம்மா தானா யாருக்கும் மெசேஜ் போட்டதே இல்லை. வந்தால் பதில் போடும், அவ்வளவுதான்.

'சாப்டியா பாப்பா?'

இது என்ன இப்போ.

என்ன போடறது இதுக்கு? காலையில் சாப்பிடாமல்தான் வந்தேன். அது அம்மாவுக்குத் தெரியும்.

'இல்லம்மா.'

அனுப்பிட்டேன். பாருங்க, உடனே டைப் பண்ணுது. மெஷின் கூட இவ்வளவு வேகமாப் பதில் போட்டதில்லை.

என் ஸ்டாப் வந்துருச்சுங்க்கா. மூட்டையை அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க. ஏங்ண்ணா, ஒரு நிமிஷம் நிறுத்துங்க, லக்கேஜ் இருக்கு. கனம் பார்த்துங்க்கா. மெதுவா. மெதுவாவே இறக்குங்க, அவசரம் ஒண்ணும் இல்லை.